கல்தொட்டியில் கழுவிய கால்

எண்பதுகளில் நெல் விவசாயப் பயிற்சிக்கு ஜப்பான் போயிருந்தேன். ஒருநாள் எங்கள் குழுவை நாரா நகரத்துப் பழைய கோயில்களைப் பார்க்க பஸ்ஸில் கூட்டிப் போனார்கள்.

ஒரு கோயில் வாசலில் கல்தொட்டி நிறையத் தண்ணீர். எங்கள் ஊர் கல்முனைப் பள்ளிவாசலில் தொழுமுன் கைகால் கழுவும் ஹவுள் போலவே இருந்ததால், மதிய லுஹர் தொழுகைக்காக விளிம்பில் குந்தி முகம், கை, கால் எல்லாம் கழுவினேன். கால் கழுவிய தண்ணீர் தொட்டிக்குள்ளேயே வழிந்தது.

வழிகாட்டிப் பெண் கையில் கொடியோடு ஓடிவந்து ஏசினாள். அது கும்பிட வருகிறவர்கள் வாய் கொப்பளிக்கும் தண்ணீராம். கூசிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.

கூட வந்த சம்மாந்துறைக் காக்கா என் காதோடு சொன்னார்: "மானம் போகுது தம்பி. பயணத்தில லுஹரைப் பின்னேரத்து அஸரோட சேத்துத் தொழலாந்தானே."

"ஓம் காக்கா. அந்தச் சலுகை பயணிக்கு. வெக்கப்படுறவனுக்கில்ல."

வெளியே மரத்தடியில் துவாயை விரித்துத் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினேன். அங்கே மான்கள் ஆட்களுக்குள்ளேயே திரியும். ஒன்று துவாயைக் கடித்து இழுத்தது. நான் தொழுகையை முறிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது.

தொழுகையை முடிக்க ஸலாம் கொடுத்து வலப்பக்கம் திரும்பினேன். என்னை ஏசிய அதே பெண், கொடியால் மான்களை விரட்டிக்கொண்டு நின்றாள்.

கால் கழுவியதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். தொழுவதற்கும் வெட்கப்படு என்று பிறகு எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். அவள் சொல்லவில்லை.