விருந்துக்கு முன் போட்ட ஊசி

அழைப்பிதழில் அச்சடித்த நேரத்தை நான் நம்புவதில்லை. துறைமுக அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவன். எந்தக் கூட்டமும் சொன்ன நேரத்தில் தொடங்கி நான் பார்த்ததில்லை. அதனால் அன்று மாலை இன்சுலின் ஊசியை வீட்டில் போட்டுக்கொள்ளாமல் மனைவியின் கைப்பையில் எடுத்துவரச் சொன்னேன். சோறு கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் எனக்கு ஊசி.

ஜாதவ்பூரில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி ஒரு தேவாலயம். ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு உதவியாக அங்கே கிறிஸ்துமஸ் விருந்து நடக்கும். நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனால் விருந்துக் குழுவின் செயலாளர் என்னோடு வேலை பார்த்த நாகர்கோவில்காரர். வருஷந்தோறும் இரண்டு சீட்டைக் கையில் திணித்துவிடுவார். "உங்களுக்குத் தனியா காய்கறி பிரியாணி உண்டு அண்ணாச்சி, சாக்குச் சொல்லாதீங்க" என்பார்.

மண்டபத்தில் பன்னிரண்டு மேஜைகள். இல்லத்துப் பிள்ளைகளை ஒரு மூலையில் கூட்டமாக உட்காரவைக்காமல், மேஜைக்கு மூன்று பேராக விருந்தாளிகளோடு கலந்து உட்காரவைப்பது அங்கே வழக்கம். எங்கள் மேஜைக்கு வந்த மூவரில் சின்னவளுக்கு எட்டு, ஒன்பது வயதிருக்கும். என் பக்கத்து நாற்காலி அவளுக்கு. மனைவி கைப்பையைத் திறந்து மருந்து இருக்கிறதா என்று பார்த்தபோது அவளும் எட்டிப் பார்த்தாள்.

"தாது, உங்களுக்கும் ஊசியா?" என்று வங்காளத்தில் கேட்டாள். தாத்தாவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "எனக்கு ஆயிடுச்சு. ஏழு மணிக்குச் சாப்பாடுன்னு தீதி முன்னாடியே போட்டுட்டாங்க."

தீதி, அதாவது அக்கா, என்றது இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு எப்போதோ தாண்டிவிட்டது. உணவுப் பாத்திரங்கள் ஐந்தும் மூடியபடி இருந்தன. தலைமை விருந்தினர் அலிப்பூரில் ஒரு பெரிய அதிகாரி. அவர் வந்து ஜெபம் முடிந்த பிறகுதான் மூடி திறக்கும். பார்க் ஸ்ட்ரீட் கிறிஸ்துமஸ் கூட்டத்தில் அவருடைய வண்டி மாட்டிக்கொண்டதாகச் சொன்னார்கள்.

"அஞ்சு நிமிஷம் அண்ணாச்சி" என்றார் செயலாளர். அதை அவர் சொன்னது மூன்றாவது தடவை.

பொழுது போக, கூரையில் தொங்கிய காகித நட்சத்திரங்களை எண்ணினேன். சின்னவளும் விரலை நீட்டி எண்ணத் தொடங்கினாள். எனக்கு முன்பே முடித்துவிட்டு, "நாற்பத்து மூணு" என்றாள். எனக்கும் அதே கணக்குதான்.

"உங்களுக்கு ஒரு ஜோடி கிடைச்சாச்சு" என்றாள் மனைவி. "இனிமே என்னை விட்டுருங்க."

பிள்ளைகளைப் பாட்டுக்கு மேடைக்கு அழைத்தார்கள். எங்கள் மேஜையின் மற்ற இருவரும் ஓடினார்கள். இவள் எழுந்திருக்கவில்லை. கால் வலிக்கிறது என்றாள். மேடையில் தீதி முதுகைக் காட்டி நின்று, கையசைத்துப் பாடவைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தரம் எண்ணுவோமா?" என்றேன். அப்போதே எனக்கு மனசு சரியில்லை. அவள் எண்ணினாள். பதினேழு வரை வந்தவள் திரும்பப் பன்னிரண்டுக்குப் போனாள். மறுபடி பதினேழு, மறுபடி பன்னிரண்டு. விரல் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். நாங்களெல்லாம் சால்வை போர்த்தியிருந்த குளிரில் அவள் மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது.

சர்க்கரை இறங்கினால் எனக்கும் முதலில் கணக்குத்தான் தவறும்.

மனைவியின் பையில் எப்போதும் எனக்காகக் குளுக்கோஸ் மிட்டாய் இருக்கும். ஒன்றைப் பிரித்து நீட்டினேன். அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். "வெளியாள் கையால வாங்கக் கூடாது." மனைவி கெஞ்சிப் பார்த்தாள். அவள் கோபமாகத் தலையை ஆட்டிவிட்டு மேஜைமேல் கவிழ்ந்தாள்.

"பிள்ளையைப் பிடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். நான் வேகமாக நடக்கிறவன் அல்ல. நடுவழியில் செயலாளர் கையைப் பிடித்தார்.

"பாட்டு நடக்குது அண்ணாச்சி. ஃபோட்டோ எடுக்காங்க. உக்காருங்க."

"அந்தப் பிள்ளைக்கு ஊசி போட்டாச்சு. இன்னும் சோறு போடலை. கையை விடும்."

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, கையை விட்டார். மேடைப்படி ஏறி தீதியின் தோளைத் தொட்டேன். திரும்பி முறைத்தாள். என் கையிலிருந்த மிட்டாயைப் பார்த்தாள். பிறகு எங்கள் மேஜையைப் பார்த்தாள். உயர்த்திய கை அப்படியே நின்றது. மறுகணம் மிட்டாயைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி ஓடினாள். பிள்ளைகள் கையசைப்பவர் இல்லாமலே பாடிக்கொண்டிருந்தார்கள்.

தீதியின் குரல் கேட்டதும் சின்னவள் வாயைத் திறந்தாள். ஒன்றை மென்று தின்றாள், இன்னொன்றும் கொடுத்தோம். காத்திருந்தோம். என் மனைவி அவள் நெற்றியைச் சேலைத் தலைப்பால் ஒற்றியபடியே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் சின்னவள் நிமிர்ந்து, "பாட்டு முடிஞ்சிடுச்சா?" என்றாள்.

அதோடு விட்டுவிட முடியாது. மிட்டாய் ஏற்றுவதை அந்த ஊசி மறுபடி இறக்கிவிடும். உடனே சோறு வேண்டும் என்றேன். "தெரியும் காக்கு" என்றாள் தீதி, என்னைச் சித்தப்பா முறை வைத்து. அவள் முகம் வெளுத்திருந்தது. "அச்சடிச்ச நேரத்தைப் பார்த்துப் போட்டுட்டேன்." ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பாத்திரங்களிடம் போய் மூடியில் கைவைத்தாள். செயலாளர் பதறி வந்தார்.

"ஒரு தட்டுதானே, மறைவா உள்ள வச்சுக் குடுத்துருங்க" என்றார் தாழ்ந்த குரலில்.

"தனியா சாப்பிடமாட்டேன்" என்றாள் சின்னவள். அது இல்லத்து வழக்கம் என்று தீதி சொன்னாள்: ஒரு தட்டு வந்தால் எல்லாத் தட்டும் வர வேண்டும். மற்ற நாளில் அவளே கற்றுக்கொடுத்தது. இன்று அவளாலேயே அதை மாற்ற முடியவில்லை. கெஞ்சினாள், அதட்டினாள். சின்னவள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் போய்க்கொண்டிருந்தது.

நான் செயலாளரிடம், "முப்பத்தாறு தட்டு. எடும்" என்றேன்.

"அவர் வந்து பாத்தா என்ன நினைப்பார்?"

"பசிச்ச பிள்ளைங்க சாப்பிடுதுன்னு நினைப்பார்."

அவர் வாசலைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிறகு அங்கேயே கண்ணை மூடி இரண்டே வரியில் ஜெபம் சொன்னார். நான் கேட்டதிலேயே சின்ன ஜெபம் அதுதான். ஐந்து மூடிகளையும் அவரே திறந்தார். விருந்தாளிகள் எழுந்து தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனோம். மேடையிலிருந்து இறங்கியவர்கள் அவரவர் நாற்காலிக்கு வந்த பிறகுதான் சின்னவள் சோற்றில் கைவைத்தாள். அவள் ஒவ்வொரு கவளமாக விழுங்குவதைப் பார்த்தபடி நான் நின்றேன்.

"நீங்களும் ஊசி போட்டுட்டுச் சாப்பிடுங்க" என்றாள் மனைவி. "இங்க இன்னொருத்தரைத் தூக்க என்னால ஆகாது."

அதற்குள் வாசலில் பரபரப்பு. தலைமை விருந்தினர் வந்துவிட்டார். செயலாளர் விளக்கம் சொல்லிக்கொண்டே கூட நடந்தார். விருந்தினர் பாதிதான் கேட்டார். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, காலியாக இருந்த முதல் நாற்காலியில் உட்கார்ந்து தனக்கும் ஒரு தட்டு கேட்டார்.

சின்னவள் தட்டைக் காலி செய்துவிட்டு, சோற்றுக் கையாலேயே கூரையைச் சுட்டி எண்ணினாள். நான் கூடவே உதட்டுக்குள் எண்ணினேன். பதினேழு தாண்டியது. முப்பது தாண்டியது.

"நாற்பத்து நாலு" என்றாள்.

ஒன்று கூடுதல். மேலுதட்டைப் பார்த்தேன், வேர்வை இல்லை. தீதியைக் கூப்பிட வாயெடுத்தேன். சின்னவள் என் சட்டையை இழுத்து வாசலைக் காட்டினாள். விருந்தினர் வரும்போது ஏற்றவென்று நிலைக்கு மேல் வைத்திருந்த ஒரு பெரிய நட்சத்திரம், யாரோ சுவிட்சைப் போட்டிருக்க, அங்கே எரிந்துகொண்டிருந்தது.

உட்கார்ந்து, சட்டையைத் தூக்கி, என் ஊசியைப் போட்டுக்கொண்டேன்.