கெண்டைக்கால்

என் மூத்தவனுக்கு நாலு வயதிலேயே பந்தடிக்காரனின் கெண்டைக்கால். "என்னகா, காலு ரெண்டும் சோக்கா உருண்டு திரண்டிரிக்கி!" என்பாள் பக்கத்து வீட்டு மச்சாள். நாவூறு பட்டுவிடுமென்று செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டவள் நான்.

அவன் அடிக்கடி விழுந்தான். அடுத்த வருடம் டவுன் கிளினிக்கில் டொக்டர் அவனைத் தரையில் இருத்தி எழும்பச் சொன்னார். அவன் குப்புறத் திரும்பி, முழங்காலில் கையூன்றி, பிறகு தொடையில் ஊன்றி, தன் உடம்பிலேயே ஏறுகிறவன் போல எழும்பினான். டொக்டர் வேறொன்றும் கேட்கவில்லை. தசை நலியும் வருத்தம், கெண்டைக்காலில் இருப்பது பலமில்லை, தசை செத்த இடத்தில் சேர்ந்த கொழுப்பு என்றார். தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருமாம். குளிசை விழுங்கினால் வருத்தம் முற்றுவது கொஞ்சம் தாமதப்படும், குணமாகாது.

அப்போது சின்னவன் என் வயிற்றில் இருந்தான்.

பிறந்த பிறகு, "இவனுக்கும் ரத்தம் எடுத்துப் பாப்பம்" என்றார் டொக்டர். நான் கொண்டுபோகவில்லை. தெரிந்து என்னத்தைக் கிழிக்க?

இப்போது மூத்தவனுக்குப் பதினொரு வயது. சக்கரக் கதிரையில் இருக்கிறான். எங்கள் ஒழுங்கை முழுக்கக் கடற்கரை மணல், சில்லு புதையும். பள்ளிக்கூடத்துக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். சின்னவனுக்கு ஐந்து. போன மாதம் அதே மச்சாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "சின்னவன்ட காலும் அண்ணன்ட மாதிரியே வருது" என்றாள். "வாயப் பொத்துகா!" என்று கத்திவிட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைப்பதில்லை. போகட்டும்.

ஆனாலும் அன்று முதல் அவன் எழும்பும்போதெல்லாம் என் கண் அவனில்தான். அவன் எப்போதும் தமையனின் கதிரையடியில்தான் இருப்பான், அதைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புவான். அண்ணனில் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன். நேராகத்தானே எழும்புகிறான், இவனாவது தப்பிவிட்டான் என்றும் நினைத்தேன்.

நேற்று சில்லுக்குக் காற்றடிக்கப் பிள்ளைகளின் அப்பா கதிரையைக் கொண்டுபோய்விட்டார். மூத்தவன் கட்டிலில் கிடந்தான். சின்னவன் பாயில் இருந்து சோறு தின்று முடித்தும் எழும்பவில்லை.

"கை கழுவு மனே."

"கதிர வரட்டும்மா."

"அதுக்கும் நீ எழும்புறதுக்கும் என்னடா?"

அவன் தமையனைப் பார்த்தான். "அம்மா, நீங்க குசினிக்குப் போய் அடுப்பப் பாருங்களன்" என்றான் மூத்தவன். நான் போகவில்லை.

சின்னவன் குப்புறத் திரும்பினான். பாயில் கையை ஊன்றினான். முழங்கால். பிறகு தொடை.

 கடவுளே, இரண்டையுமா?

"நான்தான்மா சொன்ன," என்றான் மூத்தவன், என் முகத்தைப் பார்க்காமல். "அம்மா பாக்கக்குள்ள கதிரயப் புடிச்சு எழும்பெண்டு. நீங்க அழுவீங்க எண்டுதான்."

ஒரு வழியாக நிமிர்ந்து நின்ற சின்னவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அண்ணா, நான் பிழ விட்டிட்டனா?"