முந்திய சைக்கிள்

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் மெஹ்னாஸ், இடுப்பு வலிக்காக அகன்ற சீட்டும் உயர்ந்த ஹேண்டிலும் உள்ள சொகுசு சைக்கிள் வாங்கியிருந்தாள். கூட வேலை செய்யும் டெல்பின் தினமும் தன் சைக்கிளில் அவளை முந்திப் போய்விடுவாள். பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிறன்று சீட்டை ஏற்றி, ஹேண்டிலை இறக்கி, டயரில் காற்றை நன்றாக அடித்தாள்.

மறுநாள் டெல்பினை முந்தினாள். "அக்கா, நில்லுங்க" என்று பின்னால் குரல் கேட்டது. தோற்றவள் கூப்பிடுகிறாள் என்று இன்னும் வேகமாக மிதித்தாள்.

டெல்பின் தாமதமாக வந்து, சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிக்கொண்டு, ஒரு பையை நீட்டினாள். "உங்க சாப்பாட்டுப் பை கேரியர்ல இருந்து விழுந்துருச்சுக்கா. லாரிங்க நடுவுல எடுக்க நேரமாயிருச்சு. நான் கூப்பிட்டது கேக்கலையா?"

"கேக்கல" என்றாள் மெஹ்னாஸ்.

மத்தியானம் டெல்பின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பையைத் திறந்தாள். "கேட்டுச்சு டெல்பின்" என்றாள், முகம் பார்க்காமல்.