பாவாடை தின்ற பிரெஞ்சு மண்

தட்டாஞ்சாவடி லேத்துப் பட்டறையில் வேலை பார்த்த பாவாடைக்கு ஓயாத வாயுத் தொல்லை. அதைவிடப் பெரிய தொல்லை, பிரெஞ்சுப் பெயர் போட்டிருந்தால் எதையும் விழுங்கிவிடும் அவனுடைய பக்தி. கடற்கரைப் பக்கத்துக் கடையொன்றில் பிரான்சிலிருந்து வந்த பச்சைக் களிமண் பொட்டலத்தைக் கண்டதும் கண் கலங்கிப் போனான்.

"வயித்துல என்னா இருந்தாலும் இழுத்துக்கும்" என்றான் கடைக்காரன்.

தினமும் காலையில் அந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்து, அந்தத் தண்ணீரோடுதான் பல வருஷமாகப் போட்டுவந்த வலிப்பு மாத்திரையையே முழுங்கினான் பாவாடை.

"நம்ம கொல்லையிலயே மண்ணு கெடக்குதே, அது ஆவாதா?" என்று கேட்டாள் மனைவி மாலா.

"அது வெறும் மண்ணுடி. இதும் பேரு ஆர்ழில்!" பிரெஞ்சில் அதற்கும் களிமண் என்றுதான் பொருள்.

ஆண்டுக்கணக்காக எட்டிப் பார்க்காத வலிப்பு, அந்த மாதமே ஓடும் லேத்துக்கு முன்னால் வந்து நின்றது. கூட வேலை செய்யும் விஜய் சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால், மாலாவின் தாலி அன்றே அறுந்திருக்கும்!

ஆஸ்பத்திரியில் மாலா கடைக்காரன் சொன்னதைச் சொல்லி நீட்டிய பொட்டலத்தை டாக்டர் புரட்டிப் பார்த்தார். "என்ன இருந்தாலும் இழுத்துக்கும்னா, மாத்திரைய மட்டும் விட்டுவைக்குமா?"

மாலா அழுதபடியே வெடித்தாள். "ஒன் வாயில மண்ணு வுழன்னு எங்கம்மா கல்யாணத்தன்னிக்கே சபிச்சாங்க. அத பிரான்சுலேர்ந்து வரவழைச்சி தின்ன ஒரே ஆம்பள நீதான்யா!"

லேத்துப் பக்கமே போகக்கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். பெரிய மெக்கானிக் பாவாடை இப்போது பட்டறை வாசலில் உட்கார்ந்து பெட்டிகளுக்கு ஆணி அடிக்கிறான். வாயு மட்டும் பதிவிரதையைப் போல அவனை விட்டுப் பிரியவே இல்லை.