எட்டாம் வகுப்பில் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை

ஆசிரியத் தொழிலில் பாடம் நடத்துவது சின்ன வேலை. மேலிடத்திலிருந்து வந்திறங்கும் திட்டங்களுக்குக் கதிரை போட்டு உட்கார வைப்பதுதான் பெரிய வேலை. உங்களில் யாராவது பாடசாலையில் காலம் தள்ளுகிறவராக இருந்தால் இப்போதே பெருமூச்சு விட்டிருப்பீர்கள். ஒரு செயலமர்வு, ஒரு தேநீர், ஒரு குழுப் படம், அதற்குப் பிறகு பேச்சுமூச்சு இருக்காது.

இதுவும் அப்படித்தான் வந்தது. தமிழ்நாட்டு அகதி முகாம்களில் பிறந்து வளர்ந்து, பெற்றோரோடு திருகோணமலைக்குத் திரும்பிய பிள்ளைகள் எங்கள் பாடசாலையில் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் துணையாக, முகாமுக்குப் பக்கத்துப் பள்ளியில் படிப்பிக்கும் ஓர் ஆசிரியையைச் சில மாதங்களுக்கு இங்கே அனுப்புவார்களாம். இங்கிருந்து ஒருவர் பிறகு அங்கே போகவேண்டுமாம். வருகிறவரைப் பார்த்துக்கொள்ள யார் தயார் என்று அதிபர் கூட்டத்தில் கேட்டபோது எல்லாரும் குனிந்துகொண்டார்கள். கணிதப் பாட ஆசிரியையான நான் மட்டும், எத்தனை பேர் குனிந்திருக்கிறார்கள் என்று பார்க்க நிமிர்ந்துவிட்டேன்.

பூட்டிய படலை

அப்படித் தமிழ்நாட்டிலிருந்து வந்த பூங்கொடி டீச்சர் முதலில் எங்களுக்கு ஒதுக்கப்பட்டவர் இல்லை. கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்குத்தான் அவரை அனுப்பினார்கள். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் விடுமுறை என்பது இந்த மாவட்டத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். திட்டம் போட்டவர்களுக்குத் தெரியவில்லை. இவரோ தன் பள்ளியில் ஆண்டுப் பரீட்சை நெருங்குகிற நேரத்தில், தலைமையாசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட, கடல் கடந்து வந்தவர். பெட்டியோடு போய் இறங்கினால் வாசல் படலையில் பூட்டு. உள்ளே விளையாட்டுத் திடலில் ஆடுகள்.

அந்தப் பாடசாலை அதிபர் கேள்விப்பட்டு வீட்டிலிருந்து ஓடி வந்திருக்கிறார். தான் நோன்பு, ஆனால் விருந்தாளியைப் பட்டினி போடலாமா? மனைவியைக் கொண்டு மீன் பொரித்துச் சோறு போட்டு, சாப்பிட்டு முடியும்வரை வாசலில் நின்று, பிறகு கிண்ணியாப் பாலம் தாண்டி ஆட்டோவில் எங்களிடம் கூட்டி வந்தார். திரும்பி வந்த பிள்ளைகள் உங்களிடம்தானே அதிகம், இவர் இங்கேயே இருப்பதுதான் முறை என்றார். நான் தலையாட்டினேன். மனிதருக்கு அவரை விட்டுப் போக மனமில்லை என்பதும் தெரிந்தது. ஆட்டோவில் ஏறப் போனவர் திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "ரீச்சர், இவங்க எங்களுக்கு வந்த விருந்தாளி. ஒங்களுக்கு இரவல்தான் தந்திருக்கன், கவனமா வெச்சிருங்க."

இந்தியாப் பிள்ளை

இனி அபிநயாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளுடைய தாய் கலா கட்டைபறிச்சானில் பிறந்தவர். சின்ன வயதில் வள்ளத்தில் ஏறி இந்தியாவுக்குப் போனவர், மூன்று பிள்ளைகளோடு திரும்பி வந்து, லிங்கநகரில் அண்ணன் கொடுத்த துண்டுக் காணியில் தகரக் கொட்டில் போட்டு இருந்தார். கணவர் இன்னும் முகாமில், கடதாசி வேலைகள் முடியக் காத்திருந்தார். மூத்தவள் அபிநயாவுக்குப் பதினைந்து வயது. அங்கே அவளை 'சிலோன் பிள்ளை' என்றார்களாம். இங்கே வந்த முதல் நாளே 'இந்தியாப் பிள்ளை' ஆகிவிட்டாள்.

அங்கே ஒன்பதாம் வகுப்பை முதல் மாணவியாக முடித்தவளை எங்கள் அதிபர் எட்டாம் வகுப்பில் இருத்தினார். கெட்ட எண்ணத்தில் இல்லை. இலங்கை வரலாறு ஒரு வரி தெரியாது, பாடத்திட்டம் வேறு, நேரே பத்தில் விட்டால் பதினொன்றில் வரும் சாதாரண தரப் பரீட்சையில் கவிழ்ந்துவிடுவாள் என்று பயந்தார். ஒரு வழியும் விட்டுவைத்தார். இரண்டாம் தவணைப் பரீட்சையோடு அவளுக்கென்று கணிதம், விஞ்ஞானம், வரலாறு மூன்றிலும் ஒன்பதாம் வகுப்பு வினாத்தாள் கொடுப்பது. மூன்றிலும் சித்தியடைந்தால் வயதுக்குரிய பத்தாம் வகுப்பு. இல்லாவிட்டால் எட்டுத்தான். அபிநயா எட்டாம் வகுப்பின் கடைசி வரிசை வாங்குப் பலகையில், சின்னப் பிள்ளைகளை மறைக்காமல் இருக்க முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்க எனக்கு மனம் கேட்கவில்லை. கலா ஒருநாள் என்னைத் தேடி வந்து, குரலை உயர்த்தாமல், முடிவாகச் சொன்னார்: "இவள் இதுக்குமேல கூனிக்கொண்டு இருக்கமாட்டாள் ரீச்சர். பத்தில போடாட்டி தையலுக்கு விட்டுடுவன்."

கர்ணமும் செம்பக்கமும்

பூங்கொடி டீச்சர் வந்த வாரமே நான் அபிநயாவுக்கு ஒரு மாதிரி வினாத்தாள் கொடுத்தேன். முக்கோணங்கள் வரும் கேத்திரகணிதப் பகுதியும் புள்ளிவிபரப் பகுதியும் முழுக்க வெறுமையாக வந்தன. முதல் மாணவியின் இலட்சணம் இதுதானா என்று என் வாய் துறுதுறுத்தது. பூங்கொடி டீச்சர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, கரும்பலகையில் ஒரு செங்கோண முக்கோணம் கீறி, நீளமான பக்கத்துக்கு மேலே எங்கள் சொல் 'செம்பக்கம்', கீழே அவர்கள் சொல் 'கர்ணம்' என்று எழுதினார். 'இடை' என்று எழுதிப் பக்கத்தில் 'சராசரி' என்று போட்டார். பிறகு சோக்குக்கட்டியை அபிநயாவிடம் கொடுத்தார். வெறுமையாகக் கிடந்த கணக்கு அத்தனையையும் அவள் நின்ற நிலையில் செய்து முடித்தாள். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ரெண்டும் ஒண்ணுதான்னு முதல்லயே சொல்லியிருந்தா நான் அழுதிருக்க மாட்டேன் மிஸ்."

வாங்கில் இரண்டு மாணவிகள்

கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் இப்படிக் கரை சேர்த்துவிடலாம். வரலாறுதான் மலைபோல நின்றது. உதவ வந்தவருக்கே எங்கள் வரலாறு தெரியாது. அதற்காக அவர் வெட்கப்படவில்லை. நேரே போய் அபிநயாவுக்குப் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்துகொண்டார். புத்தகத்தை வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுக்கும் வேலை எனக்கு. பாடசாலை விட்டபிறகு, ஊருக்குள் திரிகிற மான்கள் இரண்டு வேலிக்கு வெளியே நின்று மேய, அநுராதபுரத்திலிருந்து கண்டிவரைக்கும் அரசர் அரசராகப் போனோம். எந்தக் குளத்தை யார் கட்டினார் என்பதில் இருவருக்கும் தினமும் போட்டி. பிள்ளைக்குப் போட்டியில் ஆள் கிடைத்ததும் முதுகு நிமிர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஒருநாள் பூங்கொடி டீச்சர் இரண்டு அரசர்களின் குளங்களை மாற்றிச் சொல்லி அபிநயாவிடம் தோற்றார். சலித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "அக்கா, பேசாம எல்லாக் குளத்தையும் ஒரே ராஜா கட்டியிருக்கலாம்ல?"

வராத பிள்ளை

வரலாற்றுப் பரீட்சைக் காலை. வினாத்தாள் மேசையில் கிடக்கிறது, பிள்ளையைக் காணவில்லை. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பின்னேரம் பின்னேரமாகத் தொண்டை வற்றக் கத்தியதெல்லாம் இதற்கா என்று முணுமுணுத்துக்கொண்டு, பூங்கொடி டீச்சரையும் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு லிங்கநகருக்கு விட்டேன்.

அங்கே கண்ட காட்சியை எப்படிச் சொல்ல. கலாவும் மூன்று பிள்ளைகளும் தோய்த்து மினுக்கிய உடுப்போடு, தலை இழுத்து வாரி, படலைக்குப் பக்கத்தில் உயரப்படி வரிசையாக நிற்கிறார்கள். அபிநயாவின் கண் அழுது சிவந்திருந்தது. ஆனால் வரிசையை விட்டு அசையவில்லை. கிராம சேவகர், அதுதான் எங்கள் ஊர்ப் பேச்சில் விதானையார், இன்றைக்குப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாராம். நான் வாயைத் திறக்கும் முன் பூங்கொடி டீச்சர் என் கையைப் பிடித்தார். முகாமில் 'செக்கிங்' என்று ஒரு நாள் வரும், அதிகாரி வந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைப் பார்த்துப் பதிவார், ஒருவர் குறைந்தாலும் முழுக் குடும்பத்துக்கும் சிக்கல், அன்றைக்குப் பிள்ளைகளும் பள்ளிக்கு வரமாட்டார்கள் என்று காதோடு சொன்னார். பிறந்த நாளிலிருந்து அப்படி நின்று பழகியவர்கள். அதிகாரி வருகிறார் என்றால் நிற்கவேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். கூப்பிட்டாலும் அசையமாட்டார்கள் என்று தெரிந்து, நாங்களும் பக்கத்தில் நின்று விதானையாருக்குக் காத்திருந்தோம்.

மோட்டார் சைக்கிளில் விதானையார் வந்து சேர்ந்தபோது பரீட்சை பாதி முடிந்திருக்கும். வீட்டுத்திட்ட உதவிக்காகக் கொட்டிலை ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வந்த மனிதர், இந்த வரிசையைக் கண்டு இறங்காமலே நின்றுவிட்டார். கலா பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். அவர் தலைக்கவசத்தைக் கழற்றி, மெதுவாகச் சொன்னார்: "அம்மா, நான் கூரையைப் பாக்கத்தான் வந்தனான். ஆக்களை எண்ண வரேல்லை."

அதிபர் அறையில்

சண்டை பிடிப்பது எனக்கு வழக்கமில்லை என்று சொன்னால் என் வீட்டில் சிரிப்பார்கள். ஆனால் அதிபரோடு அன்றைக்குத்தான் முதல் தடவை. பரீட்சைக்கு வராதவளுக்குத் திரும்ப வைக்க ஏலாது, ஒருத்திக்கு வைத்தால் நாளைக்குக் காய்ச்சல், கலியாணவீடு என்று எல்லாரும் வாசலில் நிற்பார்கள் என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் விட்டுக்கொடுக்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்குச் சீருடைக்கு அளவெடுத்தோம், சப்பாத்துக் கொடுத்தோம், கழுத்துப்பட்டி கட்டப் பழக்கினோம்; இங்கே அதிகாரி வந்தாலும் நீங்கள் வீட்டை விட்டு வெளியே போகலாம் என்று யாராவது ஒருவர் சொன்னோமா என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. கோப்பு எழுதிக்கொண்டிருந்த எழுதுவினைஞர் எழுந்து வெளியே போனார். அவள் தையலுக்குப் போனால் நான் இனி எந்தத் திட்டத்துக்கும் கதிரை தூக்கமாட்டேன் என்றும் சொன்னேன். சம்பந்தமில்லாத பேச்சுத்தான், ஆனால் உண்மையாகச் சொன்னேன்.

என்னோடு வந்திருந்த பூங்கொடி டீச்சர், தங்கள் பள்ளியில் நடக்கிறதை மட்டும் சொன்னார். முகாமில் செக்கிங் எந்த நாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அங்கே பரீட்சை அட்டவணையே போடுவார்களாம். தெரியாமல் போட்டுவிட்டால் பிழை பள்ளியுடையது; பிள்ளைக்கு வேறு நாளில் வைப்பார்களாம். அதிபர் மேசையிலிருந்த பரீட்சை அட்டவணையை எடுத்து விரித்தார். அபிநயாவைப் போல, தகப்பன் ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம் என்று வளர்ந்தவர் அவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். கடைசியில் எழுந்து, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "சனிக்கிழமை காலமை வரச் சொல்லுங்கோ. விதானையாருக்கும் சொல்லுங்கோ, அண்டைக்கு அந்தப் பக்கம் போகவேண்டாமெண்டு."

திரைக்கு அந்தப் பக்கம்

கணிதத்தில் அவள் என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் தாண்டிவிட்டாள். விஞ்ஞானம் சுமார். வரலாறு கரையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அதிபர் அந்தத் தாளைத் தானே வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டாம் முறை திருத்தினார்; தொட்டுவிட்டது. அபிநயா பத்தாம் வகுப்புக்குப் போனாள். அன்று நான் கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கிண்ணியா அதிபர் இரவல் கொடுத்தவரைக் கேட்டு வந்தபோது, பூங்கொடி டீச்சருக்கு ஊர் போக நாள் வந்துவிட்டது. கிண்ணியா அதிபரிடம் நான் பட்ட ஏச்சை இங்கே எழுதமுடியாது.

ஊர் போன பூங்கொடி டீச்சர், அங்கே பள்ளிக்குத் திரும்பியதும் தன் வகுப்புப் பிள்ளைகளை வீடியோ அழைப்பில் கூட்டி வந்தார். எல்லாம் முகாம் பிள்ளைகள். தாய் தகப்பன் இங்கே திரும்புவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள். திருகோணமலையைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். துறைமுகத்தையும் கப்பல்களையும் கேட்பார்கள், பஸ் நிலையத்தில் திரிகிற மான்களைக் கேட்பார்கள் என்று படங்களோடு தயாராக இருந்தேன். ரிப்பன் கட்டிய ஒரு பெண்பிள்ளை எழுந்து, கைகட்டி நின்று கேட்டாள், நாங்க அங்க வந்தா எங்கள எந்தக் கிளாஸ்ல போடுவீங்க டீச்சர் என்று. திரையில் இருந்த அத்தனை முகமும் என்னையே பார்த்தன. அதற்கு எந்தச் சுற்றறிக்கையிலும் பதில் இல்லை. அரசாங்க உத்தியோகத்தர் வாக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் மான் படத்தைத் தூக்கிப் பிடித்தபோது, எனக்குப் பின்னால் நின்று அழைப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அபிநயா முன்னே வந்து என் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்துச் சொன்னாள்: "வயசுக்குரிய வகுப்பிலதான் போடுவினம். போடாட்டி இந்த மிஸ் சண்டை பிடிப்பா. பயப்படாம வாங்கோ."

சில மாதங்களுக்கு மட்டும் என்று என் தலையில் கட்டிய வேலை, அந்த நிமிடத்தோடு ஓய்வுபெறும் நாள்வரைக்குமான வேலையாக ஆகிவிட்டது.