அஷ்டமியில் நின்றுபோன கையெழுத்து

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறேன். மகள் கல்லூரி ஆசிரியையாக வேண்டுமென்று ஆறு வருடம் ஆராய்ச்சி செய்தாள். அவள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியை, "வெள்ளியோட எனக்கு சர்வீஸ் முடியுது. அதுக்குள்ள ஆய்வேட்டைக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகேன்" என்றிருந்தார்.

புதனன்று மகள் ஆய்வேட்டோடு கிளம்பியபோது நான் வாசலில் மறித்தேன்.

"இன்னைக்கு அஷ்டமியாக்கும் மக்கா. நாளைக்கு நவமி. வெள்ளிக்கிழமை போயேன்."

"பயந்தே சாவப் போறியாம்மா நீ?" என்று சிரித்தபடி பையை இறக்கி வைத்தாள்.

வியாழன் மாலை பேராசிரியை மயங்கி விழுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கையெழுத்து இல்லாமலே வெள்ளி முடிந்தது. அவர் இடத்துக்குப் புதிதாக வந்தவர் ஆய்வேட்டை முதலிலிருந்து எழுதச் சொன்னார். மகள் இப்போது ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள்.

நான் நாள் பார்ப்பதை விட்டுவிட்டேன். எங்கே போனாலும் அவள் என்னிடம் சொல்வதையும் விட்டுவிட்டாள்.