வீடு பார்க்க வந்த துரை

எங்கள் மலையில் வசந்த காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆண்டு முழுவதும் ஒரே குளிர், ஒரே மூடுபனி. பூக்களும் ஆண்டு முழுவதும் பூத்துக்கொண்டிருக்கும். ஆனால் சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் மட்டும், கேமரன் மலையின் எல்லாப் பூப்பண்ணைகளிலும் எல்லாச் செடிகளும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாகப் பூத்தாக வேண்டும். பூத்தவற்றை உடனே வெட்டி, தாளில் சுற்றி, லோரியில் ஏற்றி ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் அனுப்பிவிடுவார்கள். கீழே இருப்பவர்களுக்கு அது வசந்தத்தின் வருகை. எங்களுக்கு வசந்தம் என்பது லோரியில் ஏறிப் போகிற ஒன்று.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அந்த வசந்தத்தில் கொஞ்சத்தைப் பிடித்து எங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்திவைக்க அம்மா முடிவு செய்தார். அலங்கார ஆசை மட்டும் அதற்குக் காரணமில்லை. அந்த ஆண்டுதான் அப்பாவுக்கு அறுபது வயது நிறைந்து, தேயிலை ஆலையில் அவருடைய வேலை முடிந்தது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற லயத்தில் நாங்கள் இருந்த வீடு தோட்டத்துக்குச் சொந்தமானது. தோட்டத்தில் வேலை செய்கிறவருக்குத்தான் வீடு. வேலை முடிந்தால் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அண்ணன்கள் இருவரும் ஈப்போவுக்குப் போய்விட்டிருந்தார்கள். அம்மா வேலை செய்ததோ தோட்டத்து எல்லையை ஒட்டியிருந்த சீன முதலாளியான தவுக்கேயின் பூப்பண்ணையில். ஆகவே எங்கள் குடும்பத்தில் தோட்டத்துக்கு வேண்டிய ஆள் ஒருவரும் மிச்சமில்லை.

புதிதாக வந்திருந்த மேனேஜர் பெருநாளுக்கு முந்தைய வாரத்தில் லயங்களைப் பார்வையிட வருவார் என்று தோட்ட அலுவலக எழுத்தரான கிராணி வந்து சொல்லிவிட்டுப் போனார். தோட்டத்தில் மேனேஜரை இன்னமும் துரை என்றுதான் சொல்வார்கள். வந்திருந்தவர் இளைஞர், மலாய்க்காரர். அந்தச் சொல் தம்மைத்தான் குறிக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் கடைசி வீட்டுப் பெரியவருக்கு வேலை முடிந்தபோது, முந்தைய துரை அவரை இரண்டு ஆண்டுகள் அந்த வீட்டிலேயே விட்டுவைத்தார். பெரியவர் வாசலில் வளர்த்திருந்த ரோஜாச் செடிகளைப் பார்த்துத்தான் துரைக்கு மனம் இளகியது என்பது அம்மாவின் கணிப்பு. வீட்டை இப்படிப் பேணுகிறவர்களை வெளியே போகச் சொல்ல எந்த மனிதருக்கு வாய் வரும் என்று அவர் கேட்பார். அப்பா சாய வாளியை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போய்விடுவார்.

அப்பா வெளிச்சுவருக்கு வெள்ளையும் சன்னல்களுக்குப் பச்சையும் அடித்தார். கூரைத் தகரங்களில் துருப்பிடித்த ஆணிகளை மாற்றினார். நான் பிறந்ததிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த குழாய் ஒரே மாலையில் வாயை மூடியது. அம்மா மஞ்சள் பூப்போட்ட துணியில் திரைகள் தைத்தார். பக்கத்து வீட்டு அத்தை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இதையெல்லாம் வேடிக்கை பார்த்தார். அவர் உறவுக்காரர் அல்லர்; லயத்தில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதாவது ஒரு முறைதான். அவருடைய கணவருக்கும் அதே மாதத்தில்தான் வேலை முடிந்திருந்தது. அவர்கள் வீட்டிலோ மழை பெய்தால் கூடத்தில் மூன்று வாளிகள் வைக்க வேண்டும்.

“ஏன் அண்ணி, தொர வீடு பாக்க வர்றாரா, பொண்ணு பாக்க வர்றாரா?”

“ரெண்டும் ஒண்ணுதான்லா. புடிச்சுப் போச்சுன்னா வேணாம்னு சொல்ல வாய் வராது.”

“எங்க வீட்டப் பாத்தா அவருக்கு அழுகதான் வரும்.”

“அப்ப நாலாவது வாளி ஒண்ணு எடுத்து வையி.”

வாசல் அலங்காரத்துக்கென்று பண்ணையிலிருந்து மிஞ்சிய செவ்வந்திக் கன்றுகளைக் கேட்டு வாங்கிவந்து, பால்மாவு டின்களிலும் சாய டின்களிலும் அம்மா நட்டார். மொத்தம் முப்பத்திரண்டு டின்கள். பெரிய மஞ்சள் பூவாகப் பூக்கும் வகை. துரை வருகிற வாரத்தில் பூக்கும்படி நாள் கணக்குப் பார்த்து நடப்பட்டவை.

இங்கே செவ்வந்தியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அதில் இரண்டு வகை உண்டு. காம்புக்கு ஒரே பெரிய பூவாகப் பூப்பது ஒன்று. கொத்தாகச் சிறுபூக்கள் பூப்பது மற்றொன்று. இரண்டிலும் உச்சியில் ஒரு மொட்டும், அதைச் சுற்றிப் பக்கமொட்டுகளும் வரும். ஒற்றைப் பூ வகையில் பக்கமொட்டுகளைக் கிள்ளிவிட்டு நடுமொட்டை விட்டுவைக்க வேண்டும். கொத்துப் பூ வகையில் நடுமொட்டைக் கிள்ளிவிட்டுப் பக்கமொட்டுகளை விட்டுவைக்க வேண்டும். நாள் முழுவதும் இப்படிக் கிள்ளுவதுதான் அம்மாவின் வேலை.

பள்ளி விடுமுறையின் கடைசி ஞாயிறன்று அம்மா என்னையும் பண்ணைக்கு அழைத்துப் போனார். அன்று அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது கொத்துப் பூ வரிசை. “நடுவுல இருக்கறத மட்டும் எடுத்துடு பாப்பா, மத்ததத் தொடாத” என்றார். என் விரல்கள் சிறியவை. வேலை விரைவாக நடந்தது. தவுக்கேயின் மனைவி என் தலையைத் தட்டிக் கெட்டிக்காரி என்று மலாயில் சொன்னார். அந்தப் பாராட்டு எனக்குள் மூன்று நாள் ஊறியது.

நான்காம் நாள் பள்ளிவிட்டு வந்தபோது வீட்டில் யாருமில்லை. வாசலில் முப்பத்திரண்டு டின்களிலும் மொட்டு வைத்திருந்தது. அம்மா களைத்து வந்து இதையும் செய்ய வேண்டுமே என்று எண்ணினேன். சீருடையைக்கூட மாற்றாமல் முதல் டின்னில் தொடங்கி, ஒன்றைக்கூட விடாமல், ஒவ்வொரு காம்பின் நடுமொட்டையும் மிகச் சுத்தமாகக் கிள்ளி எடுத்தேன். கிள்ளிய மொட்டுகளை ஒரு கிண்ணத்தில் சேர்த்து, அம்மா வந்ததும் நீட்டினேன்.

அம்மா கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

“எல்லா டின்லயுமா?”

“எல்லாத்துலயும்.”

அவர் படியில் உட்கார்ந்தார். தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். “இது ஒத்தப் பூ செடிம்மா” என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். அவர் ஒன்றும் செய்யவில்லை என்பதில்தான் எனக்கு விஷயத்தின் அளவு தெரிந்தது. அந்த வீடு இனி எங்களுக்கு இல்லை. அதைக் கிள்ளி எடுத்தவள் நான். என் விரல்நுனிகளில் பச்சைக் கசப்பு வாசம் இருந்தது. இரவுச் சோற்றைப் பிசையும்போதும் அது போகவில்லை.

பக்கமொட்டுகள் பூக்கும்; ஆனால் சிறிதாக, இரண்டு வாரம் பிந்தி. வெயில் படும் இடமாகப் பார்த்து அம்மா தினமும் டின்களை நகர்த்தினார். பலனில்லை. பண்ணையில் கழித்த பூக்களாவது கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தார். பெருநாள் நெருக்கத்தில் வளைந்த காம்புகூட லோரி ஏறிவிடும். ஆகவே நான் பள்ளிக் கடையில் மஞ்சள் சுருக்குத்தாள் வாங்கி, முப்பத்திரண்டு பூக்கள் செய்து, நூலால் காம்புகளில் கட்டினேன். அம்மா தடுக்கவில்லை. இரண்டு பூக்கள் சாய்ந்திருந்ததைத் தாமே நிமிர்த்திவிட்டார்.

துரை வந்த காலையில் தூறல் இருந்தது. சுருக்குத்தாளின் சாயம் கரைந்து, இலைகளில் வழிந்து, படிக்கட்டில் மஞ்சள் நீராக இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா தீபாவளிச் சேலையில் நின்றார். அப்பா முழுக்கைச் சட்டையின் எல்லாப் பொத்தான்களையும் போட்டிருந்தார். துரை குனிந்து ஒரு பூவைத் தொட்டார். விரல் மஞ்சளானது. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னைப் பார்த்து, “சாந்தேக்” என்றார். அழகு என்று பொருள். தப்பித்துவிட்டோம் என்று எண்ணினேன்.

அவர் உள்ளே வந்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். குழாயைத் திறந்து மூடி, மறுபடி திறந்து மூடினார். பிறகு கிராணியிடம் விரைவான மலாயில் ஏதோ சொல்ல, கிராணி ஏட்டில் எழுதிக்கொண்டு எங்களிடம் திரும்பினார்.

“தொரைக்கு ரொம்ப சந்தோசம். இந்த லயத்துலயே இந்த வீடுதான் சுத்தமா இருக்குன்றாரு. ஒரு ஆணிகூட அடிக்க வேணாம், ரிப்பேரு ஒண்ணும் இல்ல. அதனால புது ஆளுங்க அடுத்த மாசமே ஏறிக்கலாமாம்.”

சந்தோசம் என்ற சொல் வரைக்கும் அம்மா புன்னகைத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகும் அந்தப் புன்னகை அங்கேயே இருந்தது. அதை எப்படி முகத்திலிருந்து எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை போலும். கையில் தேநீர்த் தட்டு. துரை ஒரு கோப்பையை எடுத்து, நின்றபடியே குடித்து, நன்றி சொல்லி வைத்தார். அப்பா மட்டும், “நல்லதுங்க” என்றார். அந்தச் சொல்லை அவர் எதற்காகச் சொன்னார் என்று அவரே யோசிப்பதுபோல் நின்றார்.

பக்கத்து வீட்டில் துரை ஐந்து நிமிடங்கள்கூட இருக்கவில்லை. அவர் போன பிறகு அத்தை எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. குற்றம் செய்தவர்போல் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே பேசினார்.

“அண்ணி, எங்களுக்கு ஆறு மாசம் குடுத்துட்டாங்க. கூர ஒழுவுதாம். ரிப்பேரு முடியற வரைக்கும் யாரையும் வைக்க முடியாதாம்.”

“நல்லதுதான. இரு, டீ குடிச்சிட்டுப் போ.”

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நான் மொட்டைக் கிள்ளாமல் இருந்திருந்தால், நிஜப் பூ பூத்திருந்தால், துரை நம்மை விட்டுவைத்திருப்பார் என்று விம்மலுக்கு நடுவே சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

“அடி பாப்பா, நெசமாவே பூத்திருந்தா இன்னிக்கே போகச் சொல்லியிருப்பான்லா.”

அத்தையும் சேர்ந்து சிரித்தார். சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் நீர் வந்தது. வீடு போன அன்று இரண்டு பெண்கள் இப்படிச் சிரிப்பதைக் கண்டு நான் அழுகையை நிறுத்திவிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு வாரங்கள் கழித்துப் பக்கமொட்டுகள் எல்லாம் பூத்தன. முப்பத்திரண்டு டின்களிலும் கணக்கில்லாத சிறிய மஞ்சள் பூக்கள். வெள்ளைச் சுவரும் பச்சைச் சன்னலும் சேர்ந்து வீடு நாட்காட்டிப் படம் மாதிரி ஆயிற்று. தேயிலைத் தோட்டம் பார்க்க வந்த சுற்றுலாக்காரர்கள் வண்டியை நிறுத்திப் படமெடுத்துக்கொண்டார்கள். அப்பா அவர்களுக்காகக் கதவைச் சரியாகத் திறந்துவைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். ரிங்லெட் பட்டணத்தில் ஒரு கடையின் மாடியில் இரண்டு அறைகள் வாடகைக்குப் பேசியாகிவிட்டிருந்தது.

நாங்கள் கிளம்புவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிறு காலையில் பல் துலக்கப் பின்புறம் போனேன். சுவரில் ஏணி சாத்தியிருந்தது. அப்பா கூரைமேல் முழந்தாளிட்டு, தகரத்திலிருந்து ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். போன மாதம் அவரே அடித்த புது ஆணி. ஆலையிலிருந்து ஒரு பிடி தேயிலைத் தூளைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவர் அவர். நான் வாயில் நுரையோடு நின்றுவிட்டேன்.

அம்மா துணி வாளியோடு வந்தார்.

“என்னங்க செய்றீங்க?”

“ஒழுவணும்லா.”

“எத்தன தகரம்?”

“ரெண்டு போதும். படுக்கற ரூமுக்கு மேல. மழ வந்ததும் கிராணியக் கூட்டியாந்து காட்டிறலாம்.”

இன்னோர் ஆணி என் காலருகே வந்து விழுந்தது. நானும் ஏறட்டுமா என்று கேட்டேன். அம்மா வாளியைக் கீழே வைத்தார். இரண்டு கைகளாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அப்பாவுக்கு உதவத்தான் பிடிக்கிறார் என்று நினைத்தேன்.

“வர்றவங்களுக்கு மூணு மாசக் கைக்கொழந்த இருக்காம். கிராணி சொன்னாரு.”

“அதுக்கு?”

“அந்த ரூம்லதான படுப்பாங்க.”

அப்பா சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு தேயிலைச் சரிவைப் பார்த்தபடி இருந்தார். பனி மேலேறி வந்து அவருடைய முதுகை மறைத்தது, பிறகு விலகியது. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

“பாப்பா, அந்த ஆணிங்க எங்க விழுந்துச்சுன்னு பாரு.”

புல்லில் தேடி இரண்டையும் எடுத்துக் கொடுத்தேன். அவற்றை மீண்டும் அதே இடத்தில் அடித்தார். அடுத்த தகரத்தையும் அசைத்துப் பார்த்து, அதற்கும் வீட்டில் மிச்சமிருந்த ஆணி ஒன்றை என்னைக் கொண்டுவரச் சொல்லி அடித்தார். பிறகு இறங்கிவந்து ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அம்மா ஓர் அதட்டல்கூடப் போடாமல் அப்பாவைக் கூரையிலிருந்து இறக்கிவிட்டார் என்று மறுநாள் பள்ளியில் பெருமையோடு சொன்னேன். அப்பா அம்மாவுக்குப் பயந்தவர் என்றுதான் அன்று எனக்குப் புரிந்திருந்தது.